நிசேயாவுக்கு முன்னிருந்த வழிபாடு: நற்செய்தி நூல்களின் நம்பகமும் இயேசுவின் தெய்வத்துவமும்

கேள்வி

நாசரேத்தூர் இயேசு மக்கள் நேசித்த ஒரு யூதப் போதகர் மட்டுமே, அவரைக் கடவுளாக்கியது பிற்காலத் திருச்சபை, அதிலும் குறிப்பாகக் கான்ஸ்டன்டைன் பேரரசர் கிபி 325இல் கூட்டிய நிசேயாப் பொதுச்சங்கம் என்னும் கருத்து படித்தவர்கள் நடுவே ஏறத்தாழப் பொது அறிவாகவே வேரூன்றிவிட்டது. டான் பிரவுனின் ‘தி டா வின்சி கோட்’ நாவல் 2003இல் வெளிவந்து அக்கருத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அதன் திரைவடிவத்தை 2006இல் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. தடை எந்தக் கருத்துக்கும் விடையாகாது. நிசேயாவில் என்ன நடந்தது, அதற்கு முன் கிறிஸ்தவர்கள் யாரை வணங்கினார்கள் என்பவை வரலாற்றுக் கேள்விகள். வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டுதான் அவற்றைத் தீர்க்க வேண்டும்.

நாவலை விட்டுவிடலாம். அதே கருத்துக்குக் கல்வியுலகில் கனமான வடிவம் ஒன்று உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர் வில்ஹெல்ம் பூசெட் 1913இல் ‘கூரியோஸ் கிறிஸ்டோஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். அரமேயம் பேசிய முதல் சீடர்கள் இயேசுவை வணங்கவில்லை, மீண்டும் வரப்போகும் மனுஷகுமாரனாக அவரை எதிர்பார்த்திருந்தார்கள். அந்தியோகியா போன்ற கிரேக்கச் சூழலில், பல ஆண்டவர்களை வழிபட்டுப் பழகிய புறவினத்தார்தாம் அவரை ஆண்டவர் என்றழைத்துத் தொழத் தொடங்கினர் என்பது அவர் வாதம். இதிலிருந்து ஒரு படிக்கட்டுச் சித்திரம் உருவாயிற்று. அடிப்படியில் மனித இயேசு, அடுத்து மாற்கு, அதற்கு மேல் மத்தேயுவும் லூக்காவும், பிறகு யோவான், உச்சியில் நிசேயா. காலம் செல்லச் செல்லத் தெய்வத்துவமும் ஏறிக்கொண்டே போகிறது.

இக்கட்டுரை அந்தப் படிக்கட்டைச் சோதிக்கிறது. நான் இயேசுவைத் தெய்வமாக வணங்குபவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை என் விசுவாசம் தீர்மானிக்க முடியாது. நான் வந்தடைந்த முடிவு இது: நம் கைக்கு எட்டும் மிகப் பழைய எழுத்திலேயே இயேசு வழிபாடு முழு உருவில் இருக்கிறது, பின்வந்தவர்கள் அதை விளக்க முயன்றார்கள். வழிபட்டவர்களே எழுதிய வரலாற்றை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானது. ஆகவே நற்செய்தி நூல்களின் நம்பகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

நிசேயாவில் நடந்தது

சங்கத்தின் முன் நின்ற சிக்கல் அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் எழுப்பியது. இயேசு வெறும் மனிதர் என்று ஆரியுஸ் சொல்லவே இல்லை. உலகம் உண்டாவதற்கு முன்பே குமாரன் இருந்தார், அவர் வழியாகவே உலகம் படைக்கப்பட்டது, அவர் வணக்கத்துக்குரியவர் என்று அவரும் கற்பித்தார். அந்தக் குமாரனும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த நிலையொன்று உண்டு என்பதுதான் அவர் கொள்கை. குமாரன் பிதாவோடு ஒரே சாரமுடையவர் என்றது எதிர்த்தரப்பு. கிறிஸ்துவை நோக்கிப் பாடுவதிலும் அவர் பெயரால் ஞானஸ்நானம் கொடுப்பதிலும் இருதரப்பாரும் ஒன்றே. மனிதனா தெய்வமா என்ற வாக்கெடுப்பு அங்கே நடக்கவில்லை. விசுவாச அறிக்கையில் கையெழுத்திட இறுதிவரை மறுத்து ஆரியுஸுடன் நின்ற ஆயர்கள் செக்குந்துஸ், தெயோனாஸ் என்னும் இருவர் மட்டுமே.

பேரரசின் திணிப்பு என்ற வாதத்துக்குப் பின்னாள் நிகழ்ச்சிகள் இடம் தரவில்லை. கான்ஸ்டன்டைன் சில ஆண்டுகளுக்குள் ஆரியுஸ் பக்கம் இளகினார். 337இல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸின் ஆதரவாளரான நிக்கொமேதியா ஆயர் யூசேபியுஸ். அடுத்து ஆண்ட மகன் இரண்டாம் கான்ஸ்டன்டியுஸ் நிசேயாவின் எதிர்த்தரப்பை வெளிப்படையாக ஆதரித்தார். நிசேயா அறிக்கைக்காகப் போராடிய அத்தனாசியுஸ் ஐந்துமுறை நாடுகடத்தப்பட்டார். அரண்மனையின் விருப்பம் கோட்பாடாகியிருந்தால் இன்றைய திருச்சபைகள் ஆரியுஸின் அறிக்கையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

புதிய ஏற்பாட்டு நூல்களை நிசேயா தேர்ந்தெடுத்தது என்பதும் அதுபோலத்தான். அச்சங்கத்தின் 20 விதிகளில் ஒன்றுகூட நூற்பட்டியலைப் பற்றியதன்று. நான்கு நற்செய்தி நூல்கள், நான்கு மட்டுமே, என்று லியோன் ஆயர் இரேனியுஸ் ஏறத்தாழ 180லேயே வாதிட்டிருக்கிறார்.

நிசேயா நகரம் பித்தினியா மாகாணத்தில் இருந்தது. அதே மாகாணத்தை ஏறத்தாழ 112இல் ஆண்டவர் இளைய பிளினி. நிசேயாவில் கட்டிக்கொண்டிருந்த நாடக அரங்கு விரிசல் கண்டதைப் பற்றி அவர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களைப் பற்றிய கடிதமும் அதே தொகுப்பில் உள்ளது. குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதி மாறிமாறிப் பாடுகிறார்கள் என்று விசாரணையில் தாம் அறிந்ததை அவர் பதிவுசெய்கிறார். பிளினிக்கு இந்த மதத்தின் மீது பரிவு கிடையாது. பிடிவாதக்காரர்களை மரண தண்டனைக்கு அனுப்பியவர். பொதுச்சங்கம் கூடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பாக, அதே மண்ணில், பகைத்தரப்பு அதிகாரி ஒருவர் தரும் சாட்சி இது. இன்றைய இஸ்ரேலின் மெகிதோ சிறை வளாகத்தில் 2005இல் தோண்டி எடுக்கப்பட்ட மொசைக் தரை மூன்றாம் நூற்றாண்டினது என்பது அகழாய்வாளர் கணிப்பு. அக்கெப்தூஸ் என்னும் பெண் கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவுக் காணிக்கையாக மேசையைக் கொடுத்தார் என்று அதன் கிரேக்கக் கல்வெட்டு சொல்கிறது.

பவுலின் கடிதங்கள்

படிக்கட்டுச் சித்திரம் உண்மையில் உடையும் இடம் இன்னும் பழையது. இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33இல். புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகள் நற்செய்தி நூல்கள் அல்ல, 50க்கும் 60க்கும் இடைப்பட்ட பவுலின் கடிதங்கள். வளர்ச்சிக் கொள்கை சரியானால் இங்கே இயேசுவின் நிலை மிகத் தாழ்வாக இருக்க வேண்டும்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். எபேசுவிலிருந்து 54 அல்லது 55இல் எழுதப்பட்டது. எட்டாம் அதிகாரத்தின் பேசுபொருள் சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது. அந்த நடைமுறை விவாதத்தின் ஊடே பவுல் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். எல்லாம் எவரிடமிருந்து உண்டாயிற்றோ அந்தப் பிதாவாகிய ஒரே தேவன். எல்லாம் எவர் வழியாக உண்டாயிற்றோ அந்த இயேசு கிறிஸ்துவாகிய ஒரே கர்த்தர் என்பது அதன் சாரம். இஸ்ரவேலின் கர்த்தர் ஒருவரே என்ற உபாகம அறிக்கையை ஒவ்வொரு யூதரும் நாள்தோறும் சொல்லி வளர்ந்தவர். தேவன், கர்த்தர், ஒருவர் என்னும் அந்த அறிக்கையின் சொற்களைப் பிரித்து, தேவன் என்பதைப் பிதாவுக்கும் கர்த்தர் என்பதை இயேசுவுக்கும் பவுல் உரித்தாக்குகிறார். படைப்புச் செயலையும் இருவருக்கும் பகிர்கிறார். பரிசேயராகப் பயின்ற ஒருவரின் வாயிலிருந்து ஓரிறைக் கோட்பாட்டின் மையத்திலேயே இப்படியொரு மாற்றம் வருகிறது. அவர் அதற்கு விளக்கம் தருவதில்லை, எதிர்ப்பை முன்னுணர்ந்து வாதாடுவதும் இல்லை. கொரிந்தியர் இதை ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள் என்ற துணிபில் இறைச்சிப் பிரச்சினைக்குத் திரும்பிவிடுகிறார்.

இந்த மௌனத்துக்கு நான் பெரும் எடை கொடுக்கிறேன். பவுல் சண்டைக்குத் தயங்காதவர். விருத்தசேதனத்துக்காகச் சண்டையிட்டார், புறவினத்தாரோடு பந்தியமர்வதிலிருந்து பேதுரு பின்வாங்கியபோது அந்தியோகியாவில் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். எருசலேம் சீடர்கள் இயேசுவை மனிதராகவே எண்ணியிருந்து, பவுல் மட்டும் அவரைக் கர்த்தராக உயர்த்தியிருந்தால், உணவுக்காகவே அவ்வளவு மோதியவர்கள் இதற்காக மோதாமல் இருந்திருப்பார்களா? அப்படியொரு மோதலின் தடம் கடிதங்களில் எங்கும் இல்லை.

பிலிப்பியர் கடிதத்தின் இரண்டாம் அதிகாரம் இன்னும் தெளிவானது. தேவ ரூபத்திலிருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவை மரணம்வரை தாழ்ந்தார். ஆகவே முழங்கால் யாவும் அவர்முன் முடங்கும் என்று அது ஓடுகிறது. ஏசாயா 45ஆம் அதிகாரத்தில், தம்மையன்றி வேறு தேவனில்லை என்று அறிவிக்கும் கர்த்தர் தமக்கு முன்பாகவே முழங்கால் யாவும் முடங்கும் என்கிறார். அந்த வணக்கம் இங்கே இயேசுவுக்குரியதாகிறது. இப்பகுதி பவுலுக்கும் முந்தைய ஒரு பாடல் என்று எர்ன்ஸ்ட் லோமையர் 1928இல் முன்வைத்த கருத்தைப் பலர் ஏற்றனர். அது உண்மையானால் சான்று இன்னும் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். ஆனாலும் அதை நிறுவ முடியாது. பவுலே எழுதியிருக்கலாம் என்போரும் உண்டு. ஜேம்ஸ் டன் 1980இல் வேறொரு வாசிப்பை முன்வைத்தார். இங்கே பேசப்படுவது உலகுக்கு முன்னிருந்தவரைப் பற்றியதன்று, தேவனுக்குச் சமமாக விரும்பிய ஆதாமோடு இயேசுவை ஒப்பிடுவதே என்றார் அவர். ஆதாமின் நிழல் அப்பகுதியில் இருப்பதை ஏற்கிறேன். ஆனால் டன்னின் வாசிப்பை முழுக்க ஏற்றாலும், பாடலின் பின்பாதியில் ஏசாயாவின் கர்த்தருக்குரிய வணக்கம் இயேசுவுக்குக் கொடுக்கப்படுவது அப்படியே நிற்கிறது. ஆதாமுக்கு எந்த யூதரும் அப்படி முழங்கால் முடக்கியதில்லை.

பூசெட்டின் வாதத்தை நேராகத் தாக்கும் சான்று கொரிந்தியர் முதல் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. கிரேக்க வாசகர்களுக்கு எழுதிய கடிதத்தில் பவுல் ‘மாரநாதா’ என்ற அரமேயத் தொடரை மொழிபெயர்க்காமல் விட்டுவைத்திருக்கிறார். எங்கள் ஆண்டவரே வாரும் என்னும் வேண்டுதல் அது. அரமேயம் அறியாத கொரிந்து சபைக்கு அது எப்படிப் போயிற்று? அரமேயம் பேசிய பாலஸ்தீன, சிரியச் சபைகளின் வழிபாட்டில் ஊறிப்போன தொடராக இருந்தால்தான் போயிருக்க முடியும். இறந்த ஆசிரியர் எவரையும் நோக்கி யூதர்கள் வரும்படி வேண்டியதில்லை. இயேசுவை ஆண்டவராக அழைத்தவர்கள் கிரேக்கப் புறவினத்தார் என்ற அடித்தளமே இங்கு சரிகிறது.

அக்கால யூத சமயத்தில் கடவுளுக்கும் உலகுக்கும் நடுவே வேறு பல உருவங்கள் இருந்தன என்பது எதிர்வாதங்களில் வலுவானது. தலைமைத் தூதர்கள், ஞானம், ஃபிலோ பேசும் லோகோஸ், ஏனோக்கு நூலின் மனுஷகுமாரன் ஆகியவை அவை. பார்ட் எர்மன் 2014இல் வெளியிட்ட நூலில், பவுல் இயேசுவை உயர்ந்த தூதராகக் கருதினார் என்கிறார். அதே எர்மன், இயேசு உயர்த்தப்பட்டுத் தெய்வநிலை அடைந்தார் என்ற நம்பிக்கை அவர் இறந்து சிறிது காலத்திலேயே தோன்றிவிட்டது என்று ஒப்புக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட வளர்ச்சி என்ற வாதத்தை ஐயவாதிகளில் முன்னணியில் நிற்பவரே கைவிட்டுவிட்டார். இந்த இடைநிலை உருவங்களைப் பற்றி லாரி ஹர்ட்டாடோ தந்த விடை எனக்கு ஏற்புடையது. யூதர்கள் தூதர்களைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். ஆனால் அவர்கள் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, கூடிவந்த சபையில் அவர்களை நோக்கிப் பாடவில்லை, அவர்கள் பெயரால் திருவிருந்து நடத்தவில்லை. பவுலின் சபைகளில் இவையெல்லாம் இயேசுவுக்கு நடந்தன. ஏனோக்கு நூலின் மனுஷகுமாரன் முன் மக்கள் பணியும் காட்சி இறுதிக்காலத்துக்குரியது. அவரை வழிபட்ட சபையொன்று இருந்ததற்குச் சான்றில்லை.

மார்ட்டின் ஹெங்கல் சிலுவைக்கும் பவுலின் கடிதங்களுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, கிறிஸ்துவைப் பற்றிய கோட்பாட்டில் அந்த இருபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்ததைவிட அதிகமாகப் பின்வந்த எழுநூறு ஆண்டுகளில் நிகழவில்லை என்றார். மிகைபோலத் தோன்றலாம். கடிதங்களைக் காலவரிசையில் வைத்துப் படித்தால் அவர் சொன்னது புரியும்.

மாற்கு காட்டும் இயேசு

மாற்கு ஏறத்தாழ 65க்கும் 75க்கும் இடையில் எழுதினார் என்பது பரவலான கணிப்பு. அப்படியானால் அவர் பவுலுக்குப் பின்னவர். அவருடைய வாசகர்கள் ஏற்கெனவே இயேசுவை வணங்கிக்கொண்டிருந்தவர்கள். மாற்கைத் தெய்வத்துவமில்லாத அடிப்படியாக வைத்த படிக்கட்டு இதை எண்ணிப்பார்க்கவே இல்லை.

மாற்கு தம் நூலை ஏசாயாவின் அறைகூவலோடு தொடங்குகிறார். தீர்க்கதரிசி கர்த்தருக்குப் பாதை செவ்வைபண்ணச் சொல்கிறார். மாற்கில் அந்தப் பாதையில் வந்துசேர்பவர் இயேசு. திமிர்வாதக்காரனின் பாவங்களை இயேசு மன்னிக்கும்போது, தேவன் ஒருவரே பாவம் மன்னிக்கக் கூடியவர் என்று வேதபாரகர் மனத்துக்குள் முறுமுறுக்கிறார்கள். அவர்கள் இறையியல் தவறு என்று இயேசு திருத்தவில்லை. அந்த அதிகாரம் தமக்குண்டு என்பதை நோயாளியை எழுப்பிக் காட்டுகிறார். கடல்மேல் நடந்துவரும் காட்சியில் அவர் சீடர்களைக் கடந்துபோக இருந்தார் என்று ஒரு புதிரான குறிப்பு இருக்கிறது. கடல் அலைகள்மேல் நடப்பவர் தேவன் ஒருவரே என்பது யோபு நூலின் கூற்று. மோசேயின் முன் கடந்துபோன தேவ மகிமையும் வாசகர் நினைவுக்கு வரும். இந்த இழைகளை ரிச்சர்ட் ஹேஸ் 2016இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் டேனியல் கிர்க் எதிர்நிலையில் நின்று எழுதினார்: மோசே, தாவீது போன்ற சிறந்த மனிதர்களுக்கும் தேவனின் அதிகாரம் பகிரப்படுவது யூத நூல்களில் வழக்கம், மாற்கும் அவ்வகையே என்பது அவர் வாதம். தனித்தனி நிகழ்ச்சிகளுக்கு அவர் விளக்கம் பொருந்தலாம். ஆனால் பிரதான ஆசாரியன் முன்னான விசாரணையில், தேவனின் வலப்பக்கத்தில் அமர்ந்து வானத்து மேகங்களோடு வருவதாக இயேசு சொன்னதும் தேவதூஷணம் என்ற கூக்குரல் எழுகிறது. சிறந்த மனிதர் என்ற கூற்றுக்கு யாரும் உடையைக் கிழித்துக்கொள்வதில்லை.

மாற்கிலேயே எதிர்த்திசையில் இழுக்கும் இடங்கள் உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. தம்மை நல்லவர் என்றழைத்தவனை இயேசு ஏன் அப்படி அழைக்கிறாய் என்று கேட்கிறார். அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கும் தெரியாது என்கிறார். நாசரேத்தில் அற்புதம் எதுவும் செய்ய இயலவில்லை. தேவனால் கைவிடப்பட்டவராகச் சிலுவையில் கதறுகிறார். இவை இயேசுவின் தெய்வத்துவத்துக்கு எதிரான சான்றாகக் காட்டப்படுகின்றன. எனக்கோ இவை நற்செய்தியாளரின் நேர்மைக்குச் சான்றாகவே படுகின்றன. இயேசுவை வணங்கும் சபைக்காக எழுதும் ஒருவர் அவர் அறியாமையைக் கற்பனைசெய்து சேர்க்க மாட்டார். தமக்குக் கிடைத்த மரபில் அது இருந்தது. சங்கடமாயிருந்தும் அதை விடவில்லை. நாசரேத்து நிகழ்ச்சியை மத்தேயு சற்று மென்மையாக்கி, அங்கே அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்று எழுதுவது அந்தச் சங்கடம் உண்மையானது என்பதைக் காட்டிவிடுகிறது.

யோவானின் நீண்ட உரைகளை நான் இந்த வாதத்தில் பயன்படுத்தவில்லை. அவற்றின் நடை நற்செய்தியாளருடையது என்பதை மறுக்க இயலாது. இயேசுவின் தெய்வத்துவம் யோவானை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதால் அவரை இங்கே சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை.

நூல்களின் நம்பகம்

நற்செய்தி நூல்கள் எவ்வகை எழுத்து என்பதில் நீண்ட காலம் குழப்பமிருந்தது. ருடால்ஃப் புல்ட்மன் 1921இல் அவற்றை, சபைகளில் வாய்வழி உலவிய துணுக்குகளின் கோவையாகக் கண்டார். ரிச்சர்ட் பர்ரிட்ஜ் 1992இல் அவை கிரேக்க ரோமானிய வாழ்க்கை வரலாற்று வகையைச் சேர்ந்தவை என்று நிறுவியபின் நிலை மாறியது. அவ்வகை நூல்களில் நிகழ்ச்சிகளின் வரிசை மாறலாம், உரைகள் சுருக்கப்படலாம். ஆனால் அவை உண்மையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேசுகின்றன. நான்கு நூல்களிலும் வரிசை வேறுபடுவதைக் கண்டு அதிர்வோரும், வரிசைகளை எப்படியாவது இணைத்துவிடப் போராடுவோரும் அந்த நூல்வகைக்குப் பொருந்தாத அளவுகோலையே கையில் வைத்திருக்கிறார்கள்.

எழுதியவர்களுக்குப் பாலஸ்தீனம் எவ்வளவு தெரியும் என்பதைச் சோதிக்கப் பெயர்கள் உதவுகின்றன. டால் இலான் 2002இல் வெளியிட்ட தொகுப்பு, எலும்புப் பேழைகள், சுவடிகள், யோசேபஸின் நூல்கள் முதலியவற்றிலிருந்து அக்காலப் பாலஸ்தீன யூதப் பெயர்களைத் திரட்டியது. ரிச்சர்ட் பாக்கம் 2006இல் அதைக் கொண்டு கணக்கிட்டார். பாலஸ்தீன யூத ஆண்களில் 15.6 சதவீதத்தினர் சீமோன் அல்லது யோசேப்பு என்ற பெயருடையவர்கள். நற்செய்தி நூல்களிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் அது 18.2 சதவீதம். மிகப் பரவலான ஒன்பது பெயர்களைச் சேர்த்தால் 41.5க்கு எதிரே 40.3. எகிப்திய யூதர்களின் பெயர்வழக்கு இதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. இந்த மாதிரி மிகச் சிறியது, இதைக்கொண்டு எதையும் உறுதிசெய்ய இயலாது என்ற புள்ளியியல் மறுப்பு பின்னர் எழுந்தது. அது கவனிக்கத்தக்கதே. ஆயினும் விழுக்காட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சீமோன் என்று வரும்போது பெரும்பாலும் பேதுரு, செலோத்தே, குஷ்டரோகி, சிரேனே ஊரான் என்று அடையாளம் ஒட்டிவருகிறது. பிலிப்பு, பர்த்தொலொமேயு போன்று அரிதாக வழங்கிய பெயர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒரே பெயருடைய பலர் நடமாடிய ஊரில் வாழ்ந்தவர்களின் பேச்சு இப்படித்தான் இருக்கும். எங்கோ தொலைவில், எருசலேம் 70இல் அழிந்த பின் கற்பனை செய்தவருக்கு இந்த நுட்பம் வாய்ப்பது கடினம்.

அகழாய்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன், ஏனெனில் அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவோர் அதிகம். செசரியாவில் 1961இல் கிடைத்த கல் பிலாத்துவை யூதேயாவின் பிரிஃபெக்ட் என்று குறிக்கிறது. யோவான் சொல்லும் ஐந்து மண்டபங்களுள்ள பெதஸ்தா குளம் வெறும் குறியீடு என்றவர்கள் இருந்தனர்; புனித அன்னாள் ஆலயத்தருகே நடுச்சுவரோடு கூடிய இரட்டைக் குளம் வெளிப்பட்டது. சீலோவாம் குளத்தின் படிகள் 2004இல் கழிவுநீர்க் குழாய்ப் பணியின்போது தெரியவந்தன. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் குதிகால் எலும்பு, ஆணியோடு, எருசலேமின் வடக்கே 1968இல் குடும்பக் கல்லறையில் கிடைத்தது. சிலுவையில் இறந்தவர் எவரும் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டதில்லை என்று இனிச் சொல்ல முடியாது. இவை நற்செய்தியாளர்கள் இடத்தையும் காலத்தையும் அறிந்து எழுதினர் என்பதைக் காட்டுகின்றன. இயேசு யார் என்பதை எந்தக் கல்லும் காட்டாது.

இனி இடர்கள். லூக்கா இயேசுவின் பிறப்பை ஏரோதின் நாட்களோடும் சீரியாவின் ஆளுநர் குரேனியுவின் குடிமதிப்போடும் இணைக்கிறார். ஏரோது இறந்தது பெரும்பாலோர் கணிப்பின்படி கிமு 4இல். குரேனியுவின் குடிமதிப்பு யோசேபஸின்படி கிபி 6இல். குரேனியு முன்னொருமுறையும் ஆண்டார் என்றும், லூக்காவின் கிரேக்கத் தொடரை அந்தக் குடிமதிப்புக்கு முன்னானது என்று படிக்கலாம் என்றும் விளக்கங்கள் உண்டு. எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. லூக்கா இங்கே காலத்தைக் கலந்திருக்கக் கூடும் என்றே எண்ணுகிறேன். அதுபோல முதல் மூன்று நூல்களில் கடைசி இரவு உணவு பஸ்கா விருந்து. யோவானிலோ இயேசு இறந்தபின்தான் பஸ்கா உணவு. பஸ்காக் காலத்து வெள்ளிக்கிழமையில் பிலாத்துவின் ஆணையால் சிலுவை என்பதில் நால்வரும் ஒன்றுபடுகிறார்கள். நம்பகம் என்பதற்கு ஒரு பிழையும் இல்லாமை என்று பொருள் கொண்டால், பழங்கால வரலாற்றாசிரியர் எவரும் தேறமாட்டார். நம்பகத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு இடருக்கும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஐயுறுவோரின் நம்பிக்கையை இழக்கிறார்கள். அதோடு நூல்களுக்கும் நியாயம் செய்வதில்லை.

பிரதிகளும் திருத்தங்களும்

மூலநூல்களில் இயேசு மனிதராகவே இருந்தார், படியெடுத்தவர்கள் பின்னாளில் தெய்வமாக்கினர் என்ற வாதம் மீதமிருக்கிறது. பார்ட் எர்மன் 1993இல் காட்டியபடி, கோட்பாட்டு நோக்கத்தோடு செய்யப்பட்ட திருத்தங்கள் உண்மையிலேயே உண்டு. அவற்றில் ஒன்று தமிழ் வாசகர் கையிலேயே இருக்கிறது. பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றி யோவானின் முதல் கடிதம் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் தொடர், சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உண்டு. 1995இல் வந்த திருவிவிலியம் அதை விட்டுவிட்டது. விட்டதே சரி. எராஸ்மஸ் தம் கிரேக்கப் பதிப்பின் முதலிரு அச்சுகளில், 1516இலும் 1519இலும், அதைச் சேர்க்கவில்லை. மூன்றாவதாகிய 1522 அச்சில்தான் சேர்த்தார். மாற்கின் நீண்ட முடிவும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய யோவான் பகுதியும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை.

ஆனால் இக்கட்டுரையின் வாதம் இவற்றில் எதையும் சார்ந்திருக்கவில்லை. நான் சார்ந்திருக்கும் இடங்களில் முக்கியமானவற்றை நிசேயாவுக்கு முந்தைய பிரதிகளிலேயே படிக்கலாம். டப்ளினிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பகுதிபகுதியாக இருக்கும் 46ஆம் எண் பாப்பிரஸ் சுவடி ஏறத்தாழ 200ஐச் சேர்ந்தது என்பது பொதுக் கணிப்பு. கொரிந்தியர் முதல் கடிதமும் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரமும் அதில் உள்ளன. மூன்றாம் நூற்றாண்டின் 45ஆம் எண் சுவடியில் மாற்கின் புயலடக்கும் காட்சியும் கடல்மேல் நடக்கும் காட்சியும் சிதைந்த ஏடுகளாக எஞ்சியிருக்கின்றன. மான்செஸ்டரில் உள்ள 52ஆம் எண் துண்டைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. யோவானின் சில வரிகளே கொண்ட அது 125க்கு உரியது என்று மேடைகளில் அடித்துச் சொல்லப்படுகிறது. கையெழுத்து வடிவத்தை மட்டும் கொண்டு அவ்வளவு குறுக்கிக் காலம் கணிக்க முடியாது என்று பிரென்ட் நோங்பிரி 2005இல் காட்டியிருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டு என்று சொன்னால் போதும்.

வரலாறு கொண்டுவிடும் இடம்

சி. எஸ். லூயிஸின் புகழ்பெற்ற வாதம், தம்மைத் தெய்வமாகக் கூறிய இயேசு பொய்யராகவோ பித்தராகவோ ஆண்டவராகவோ இருக்க வேண்டும் என்பது. மேடைக்கு ஏற்றது, ஆனால் நான்காவது வாய்ப்பொன்றை அது விட்டுவிடுகிறது: அக்கூற்றே பிற்காலப் புனைவாக இருக்கலாம். அந்த வாய்ப்பைத்தான் மேலே கண்ட சான்றுகள் பெரிதும் அடைக்கின்றன. இதுவரையான தொலைவை வரலாற்றாசிரியர் விசுவாசமில்லாமலே கடக்கலாம். இயேசு உண்மையில் தெய்வமா என்பதை அவருடைய கருவிகள் முடிவுசெய்யா. ஆனால் அந்த நம்பிக்கைக்கு என்ன காரணம் என்ற கேள்வியை அவர் தட்டிக்கழிக்கவும் முடியாது.

பவுல் தாம் பெற்று ஒப்படைத்ததாகக் கொரிந்தியருக்குச் சொல்லும் உயிர்த்தெழுதல் சாட்சிகளின் பட்டியல் சிலுவைக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் உருவானது என்பதை, உயிர்த்தெழுதலை மறுத்த கெர்ட் லூடெமானே ஒப்புக்கொண்டார். பேதுருவுக்கு நேர்ந்தது துயரமும் குற்றவுணர்வும் உண்டாக்கிய காட்சி என்பது லூடெமானின் விளக்கம். துயருற்றோர் இறந்தவர்களைக் காண்பது நடப்பதுதான். ஆனால் அப்படிக் கண்டவர்கள் இறந்தவரை இஸ்ரவேலின் கர்த்தரோடு இணைத்து வழிபடத் தொடங்குவதில்லை. யோவான் ஸ்நானகன் கொல்லப்பட்டார்; அவர் சீடர்கள் தொடர்ந்து இருந்தார்கள், அவரை வணங்கவில்லை. ரபி அகிபா மேசியாவென்று கொண்டாடிய பார் கோக்பா 135இல் வீழ்ந்தார். யாரும் அவரை நோக்கி வேண்டவில்லை.

இயேசுவின் சகோதரராக அறியப்பட்ட யாக்கோபின் கதை இன்னும் கடினமானது. இயேசு வாழ்ந்த நாட்களில் குடும்பத்தார் அவர் மதிமயங்கியதாக எண்ணினர் என்று மாற்கும், சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவானும் கூச்சமின்றிப் பதிவுசெய்கிறார்கள். தமையனைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர், சீடராயிராதவர், குற்றவுணர்வுக் காட்சிக்குப் பேதுருவைப்போல் காரணமில்லாதவர். மனமாற்றத்துக்குப் பின் பவுல் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியபோது சந்தித்த மற்றொருவர் இந்த யாக்கோபு. அதற்குள் அவர் சபையில் மதிப்புமிக்கவர். பிரதான ஆசாரியன் அனனுஸ், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரரான அவரை 62இல் கல்லெறிந்து கொல்லச்செய்ததை யோசேபஸ் எழுதியிருக்கிறார். உயிர்த்த இயேசு யாக்கோபுக்குக் காட்சியளித்தார் என்று பவுலின் பட்டியல் ஒரே வரியில் சொல்கிறது. அந்த வரியை நீக்கிவிட்டு, கூடப் பிறந்தவனை ஆண்டவராகத் தொழும் நிலைக்கு ஒரு யூதர் எப்படி வந்தார் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் ஒன்றை இதுவரை யாரும் காட்டியதாக நான் காணவில்லை.